ரிசர்வ்டு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிய மகனுக்கு

தணிகா,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூர் ரயிலைப் பிடிக்க உன்னை அரக்கோணம் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேனே, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் எவ்வளவு நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வேர்க்கடலை வாங்கி உரித்துத் தின்றோம். அப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கண்டக்டர் விசில் ஊதி வண்டி நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாய்: "அம்மா, அந்தப் பொண்ணு ரொம்ப சோஷியபிள். நான் ரிசர்வ்டு. ஒத்து வராது. நீயே அவங்க வீட்ல சொல்லிடு." சொன்ன கையோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாய். நான் என்ன, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்து பதில் சொல்வதா? அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பெண் என்று நீ சொன்னவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ராஜேஸ்வரி. அம்மையார்குப்பத்துத் தறிக்கார வீட்டுப் பெண், கே.ஜி.கண்டிகையில் டீச்சர் வேலை பார்க்கிறாள். வருகிற கிருத்திகைக்கு அவளும் அவள் அப்பா அம்மாவும் நம் திருத்தணி மலைக்கு வருகிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே நம் வீட்டுக்கு வந்து பதில் கேட்டுக்கொண்டு போவதாகப் பேச்சு. நான் இன்னும் அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கொஞ்சம் பழைய கதையெல்லாம் பேச வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி. லீவு நாளில் படித்தாலும் சரி.

நீ சொன்ன அந்த இரண்டு வார்த்தையும் எங்கிருந்து வந்தன என்று உனக்குத் தெரியாதா? நம் வீட்டு முன்னறையிலிருந்து வந்தவை. ஸ்டேஷன் ரோட்டில் இதே வீட்டில் உன் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்த புதிதில் படிக்க வருகிற பிள்ளைகளைவிட, வேலைக்கு மனு அடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கூடவே கல்யாணத்துக்குப் பையனைப் பற்றி, பெண்ணைப் பற்றி இங்கிலீஷில் ஒரு தாள் அடித்துக் கொடுக்கச் சொல்லியும் வருவார்கள். மெட்ராஸ் மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டும் என்றால் இங்கிலீஷ் இருந்தால்தான் மரியாதை என்று அப்போது ஒரு நினைப்பு. உயரம், நிறம், நட்சத்திரம் எல்லாம் எழுதி முடித்து, குணம் என்கிற இடம் வந்ததும் உன் அப்பா விரலை எடுத்துவிட்டு ஆளை ஒரு பார்வை பார்ப்பார். சோஷியபிள், ஜோவியல், அவுட்கோயிங், ரிசர்வ்டு. அவர் கையிருப்பு அவ்வளவுதான். அதிலிருந்து ஒன்றை எடுத்து அடித்துவிடுவார். டாக்டர் நாக்கைப் பார்த்து மருந்து எழுதுவாரே, அந்த வேகம்தான்.

ஒரு நாள் கனகம்மாசத்திரத்திலிருந்து ஓர் அம்மாள் மகளுக்காக வந்திருந்தாள். நான் திரைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"என் பொண்ணு வாயை மூடவே மாட்டா சார். தூக்கத்துலகூட பேசிகினுதான் இருப்பா."

"மாப்பிள்ளை எங்க வேலை?"

"மெட்ராஸ்ல. ஏதோ ஆபீஸ்ல."

"அப்போ ரிசர்வ்டு."

"அப்டின்னா இன்னா சார்?"

"அடக்கமான பொண்ணுன்னு அர்த்தம்மா."

"ஐயையோ, அது பொய்யாச்சே சார்!"

"கல்யாணம் ஆவட்டும்மா. அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் பேசட்டும்."

எனக்கு வந்த சிரிப்பில் முறம் கையிலிருந்து நழுவிவிட்டது. அதே பெண்ணுக்கு அடுத்த வருஷம் வேலைக்கு மனு அடிக்க வந்தார்கள். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சோஷியபிள் என்று அடித்தார். வேலை என்றால் அது, கல்யாணம் என்றால் இது, அவருடைய கணக்கு அப்படி. அவரைக் குறை சொல்லாதே. ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. நம் வார்த்தைகளை யோசித்துப் பார். பேசினால் வாயாடி, பேசாவிட்டால் அமுக்குணி. சிரித்தால் இளிப்பு, சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி. எதைச் சொன்னாலும் யாருக்காவது சுருக்கென்று தைக்கும். இங்கிலீஷ் வார்த்தை அப்படி இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி யார் போட்டாலும் கொஞ்சம் மதிப்பாகத் தெரிந்தார்கள்.

அந்த ரிசர்வ்டு என்கிற சட்டையை இந்த வீட்டில் முதன்முதலில் போட்டுக்கொண்டவள் நான்தான். இதை உன்னிடம் சொன்னதில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது திருத்தணி ஆந்திராவுக்கா நமக்கா என்ற சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நான் நகரிக்காரி. நாங்கள் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தாத்தா காலத்திலிருந்து அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் தெலுங்கு, தெரு தெலுங்கு, வீட்டில் பேசின தமிழிலும் பாதி தெலுங்கு. இங்கே வந்து நான் வாயைத் திறந்ததும் உன் அத்தைமார் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். நான் சொன்னதை அப்படியே இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்லுவார்கள். கெட்டவர்கள் இல்லை, விளையாட்டுக்குத்தான். ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஆங் என்பேன், இல்லை என்பேன், அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு ஒரே பெருமை. வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டுக்காரி ரொம்ப ரிசர்வ்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ தனியாக இருக்கும்போது பேச்சு தொண்டைவரைக்கும் வந்து முட்டும். அடுப்போடு தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஆடிக்கு என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக எங்கள் நைனாவுக்கு உடம்பு முடியவில்லை. உன் அப்பாவே கொண்டுபோய் விட வந்தார். திருத்தணியில் பஸ் ஏறும்வரை நான் அவர் சொன்ன ரிசர்வ்டுதான். வழியில் ஆட்கள் ஏறினார்கள், தெலுங்கு காதில் விழுந்தது. அவ்வளவுதான், எனக்குள் ஏதோ மதகு திறந்த மாதிரி ஆகிவிட்டது. கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன். முன் சீட்டுக் கிழவியிடம் அவள் மருமகள் கதையெல்லாம் கேட்டேன். பின் சீட்டில் அழுத குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினேன். உன் அப்பா டிபன் கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேறு யாரோ பெண்பிள்ளையோடு தெரியாமல் பஸ் ஏறிவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நகரியில் அதைவிட வேடிக்கை. அவருக்குத் தெரிந்தது கடைத்தெருத் தெலுங்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவருக்கு நடுவில் நுழையவே இடம் கிடைக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார். எங்கள் நைனா அக்கம்பக்கத்தாரிடம், "மா அல்லுடு நோரே தெரவடு" என்று கவலைப்பட்டார். எங்கள் மாப்பிள்ளை வாயே திறப்பதில்லை என்று. ஊரே கேட்க வகுப்பெடுக்கிற மனுஷன்! எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்.

"அங்க அவ்ளோ பேசுற. நம்ம வீட்ல ஏன் பேசமாட்டேன்ற?"

"அங்க நான் பேசினா யாரும் திருப்பிப் பேசிக் காட்டமாட்டாங்க."

 வீட்டுக்கு வந்த அன்றைக்கே தன் தங்கைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். அதோடு அந்த விளையாட்டு நின்றது. நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தேன். இப்போது உன் அத்தைகள், "அண்ணி வாயை மூடமாட்டாங்களா?" என்கிறார்கள். அந்த நகரிப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. எவ்வளவு சின்ன வயசு எங்களுக்கு.

இவ்வளவு பார்த்த மனுஷன், உங்கள் இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் பழையபடி டைப் அடிக்கிறவராகவே ஆகிவிட்டார். உன் அக்கா கமலா மூன்று வயதில் வருகிறவர்கள் மடியிலெல்லாம் ஏறுவாள். அந்த வயதில் நீ என் புடவைக்குப் பின்னால் நிற்பாய். யார் வந்தாலும், "பெரியவ சோஷியபிள், சின்னவன் ரிசர்வ்டு" என்று ஒப்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. முடி வெட்டப் போனால் எப்படி வெட்ட வேண்டும் என்று நான் சொல்லுவேன். டாக்டர் உன்னைப் பார்த்து "எங்கடா வலிக்குது?" என்றால் நான் உன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன். நெய்வேத்தியப் புளியோதரை இன்னொரு கை வேண்டுமா என்று குருக்கள் கேட்டால் அதற்கும் நான்தான். பிள்ளை கூச்சப்படுகிறானே என்று எனக்குத் தாங்காது. உனக்கும் அது சௌகரியமாகிவிட்டது. அம்மா பேசிக்கொள்வாள் என்று விட்டுவிட்டாய். அந்தப் பழக்கத்தில்தான் ஜன்னல் வழியாக, "நீயே சொல்லிடு" என்றாய்.

ஆனால் எனக்கு ஓர் ஆடிக் கிருத்திகை மறக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, அப்போது உனக்கு ஏழு வயதிருக்கும். காவடிக் கூட்டம் மலை முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு போனது. சரவணப்பொய்கைப் பக்கம் கை நழுவி, உன்னைக் காணவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளை வாயே திறக்கமாட்டானே, யார் கேட்டாலும் பெயர்கூடச் சொல்லமாட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடுகிறேன். உன் அப்பா ஒரு பக்கம் ஓடுகிறார். அப்போது கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது.

"ஏடவகுரா, மீ அம்ம வஸ்துந்தி... புத்தூருங்க. இவன் பேரு வெங்கடேசு. பச்சை டவுசருங்க. அவங்க அம்மா சீக்கிரம் வந்து கூட்டிகினு போங்க."

அழாதேடா, உன் அம்மா வருவாள் என்று யாரோ ஒரு பிள்ளைக்குத் தெலுங்கில் தைரியம் சொல்லிவிட்டு, உடனே தமிழில் ஊருக்கு அறிவிக்கிற அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காணாமல் போன பிள்ளைகளை வைத்திருந்த பந்தலில், மைக்கில் சொல்லுகிறவருக்குத் தெலுங்கு தெரியவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அழுதுகொண்டே சொன்னது அவருக்குப் புரியவில்லை. நீ போய், "நான் கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறாய். நாங்கள் வந்து சேர்ந்தபோது நீ மேசைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தாய். எங்களைப் பார்த்து, "இரும்மா, இன்னும் இந்தப் பாப்பா இருக்குது" என்றாய். அந்தப் பாப்பாவின் அம்மா வந்தபிறகுதான் இறங்கினாய். உன் சொந்தப் பெயரை மட்டும் மைக்கில் சொல்லவேயில்லை, அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். உன் அப்பாவும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே யாரோ வந்தபோது, "சின்னவன் ரிசர்வ்டு" என்றார். "இன்னாங்க, அன்னிக்கு மைக்ல அவ்ளோ பேசினானே" என்றேன். "அது ஏதோ அவசரத்துல. பையன் டைப் அது இல்ல" என்றார். உன் அப்பாவுக்கு ஒரு தடவை அடித்ததை ரப்பர் போட்டு அழிப்பது பிடிக்காது.

கமலாவையும் நினைத்துக்கொள். அவள் கலகலப்பு என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அவளுக்கு முதல் பிள்ளை தங்காமல் போனபோது, துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவளே காபி போட்டுக் கொடுத்தாள். யாரோ என்னவோ சொன்னதற்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். "அவ தேறிக்குவா, அவ டைப் அப்படி" என்று உன் அப்பா நிம்மதியாகப் போய்ப் படுத்தார். கொல்லைப்புறத்தில் அவள் என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதது எனக்குத்தான் தெரியும். சத்தம் வெளியில் கேட்டுவிடக் கூடாதாம், எல்லோருக்கும் அவள்தானே தைரியம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த சோஷியபிள் என்கிற வார்த்தைமேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மனுஷியை அழக்கூட விடாத வார்த்தை.

பேசாமல் இருப்பது குறை என்று நான் சொல்லவரவில்லை தணிகா. நீ இரண்டு வார்த்தை பேசுகிற இடத்தில் கமலா இருநூறு பேசுவாள், அது எனக்குத் தெரியும். நாளெல்லாம் கூட இருந்தும் ஒன்றும் பேசாமல் எனக்குப் பூ தொடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாயே, அந்த நேரங்கள் எனக்கு எவ்வளவு ஆறுதல். அப்படி ஒருத்தனாக இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. இன்னார் இப்படி என்று ஒரு வார்த்தையைச் சொல்லி, அதற்குமேல் பார்க்கவே மாட்டேன் என்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் நீயே உன்னைப் பற்றி.

இப்போது மலையில் நடந்ததற்கு வருகிறேன். தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு குடும்பமும் போன சனிக்கிழமை கோயிலில் சந்தித்தோமே, பெரியவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் இரண்டு பேரையும் பிரசாதம் வாங்க அனுப்பினோமே. பிரசாதக் கடை எட்டின தூரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வரவேயில்லை. அவள் அம்மா நெளிய ஆரம்பித்தாள். கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி நான் எழுந்து வந்தேன். தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, காதில் விழுந்தது.

பெங்களூர் ரூமில் நீ ரசம் வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். கையை ஆட்டி ஆட்டி, பாத்திரம் எப்படிப் பொங்கியது, கீழ் வீட்டுக்காரர் எப்படி ஏறி வந்தார் என்று கன்னடத்தில் அவர் மாதிரியே பேசிக் காட்டி. ஒரு குரங்கு வந்து உன் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. உனக்குத் தெரியவேயில்லை. நீ பேசிக்கொண்டே இருந்தாய். நீ சோஷியபிள் என்று சொன்ன அந்தப் பெண், முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லையடா. பெற்றவளுக்கே புதிதாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் போடாமல் திரும்பிப்போய், "கூட்டமா இருக்குது, வருவாங்க" என்று அவள் அம்மாவிடம் பொய் சொன்னேன்.

கிளம்புகிறபோது ராஜேஸ்வரி என் பக்கத்தில் வந்து படி இறங்கினாள். மெதுவாகக் கேட்டாள். "அத்தை, அவரு பேசவே மாட்டாருன்னு தரகர் சொன்னாரே?" நான் என்ன சொல்லுவேன்? "ஆங், அப்படித்தான் நாங்களும் நெனச்சிகினு இருந்தோம்" என்றேன். அவள் சிரித்தாள். அவளும் தன் வீட்டுக்குப் போனபிறகு பயந்திருப்பாளோ, இவ்வளவு பேசுகிறவனிடம் நான் என்ன பேசுவேன் என்று? எனக்குத் தெரியாது. உனக்கு எதில் பயம் என்று மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அன்றைக்கு அவ்வளவு பேசிவிட்டாய், வீட்டுக்கு வந்து யோசித்ததும் அது யாரோ வேறொருத்தன் மாதிரி இருந்திருக்கும். பழைய வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொண்டாய். நானும் ஒரு காலத்தில் ஒளிந்திருந்தவள்தானே, அந்த இடத்தின் சௌகரியம் எனக்குத் தெரியும். பத்திரமாக இருக்கும். ஆனால் அங்கே உன்னோடு பேச அடுப்பைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

அவளைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். அதற்கு உனக்கு முழு உரிமை இருக்கிறது. உன் அப்பாவும் நானும் மறுவார்த்தை பேசமாட்டோம், இன்னோர் இடம் பார்ப்போம். ஆனால் நீ அதைச் சொல்லவில்லை. அதனால் உனக்காக இதுவரைக்கும் எல்லா இடத்திலும் வாய் திறந்த உன் அம்மா, இந்த ஒரு இடத்தில் திறக்கப்போவதில்லை. அப்பாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அவரும் வாயைத் திறக்கமாட்டார். கிருத்திகைக்கு முந்தின நாளே லீவு போட்டுவிட்டு வந்து சேர். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, நான் ரொம்ப ரிசர்வ்டு, எனக்குப் பேச வராது என்பதை உன் வாயாலேயே அவளுக்கு விளக்கமாக எடுத்துச் சொல். அவள் நம்பிவிட்டால், நானும் நம்பிவிடுகிறேன்.

அம்மா